உங்கள் செய்தி கிடைத்தது

உங்கள் காவல்துறை இணையதளத்தில் ‘தொடர்புக்கு’ என்ற பக்கத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு நிமிடம் பிடித்தது. குறையாகச் சொல்லவில்லை. மேலே ஒன்பது மெனு, பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் அறிவிப்பு, மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. குற்றத்தை ஒப்புக்கொள்ள நினைக்கும் ஒருவன் பாதி வழியிலேயே மனம் மாறிக் கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். நான் அப்படிச் செய்யவில்லை, நேரில் வந்தேன். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அதிகாரி கோடு போட்ட தாளும் பேனாவும் கொடுத்து, “நீங்க பாட்டுக்கு எழுதுங்க, முதல்லேர்ந்து எழுதுங்க” என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்ல தாள். இடப்பக்க ஓரம் தாராளமாக விட்டிருக்கிறார்கள். வெற்றிடத்தின் அருமை தெரிந்த யாரோ இந்தக் கட்டடத்தில் இருக்கிறார்.

நான் இணையதளம் வடிவமைப்பவன். அக்கா வீட்டின் முன்னறைதான் என் அலுவலகம். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கிளம்பிப்போன பிறகு ஜன்னல் ஓரம் இரண்டு திரைகளைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். “ஊர்ல உள்ளவன் பொண்ணு பார்க்க மூணு வாரம் எடுத்துக்குவான். நீ ஒரு பட்டனுக்குக் கலர் பார்க்க மூணு வாரம் எடுத்துக்குற” என்பாள். அவள் சொல்வது உண்மை. ஒரு பச்சைக்கும் இன்னொரு பச்சைக்கும் இடையே எத்தனையோ பச்சைகள் இருக்கின்றன. அதில் ஒன்றுதான் மனிதனுக்கு ‘சரி, வேலை முடிந்தது’ என்று சொல்லும்.

என் வேலைமுறையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய அது உதவும். பக்கம் வடிவமைக்கும்போது எழுத்து வரவேண்டிய இடத்தில் ‘இங்கே செய்தி வரும், இங்கே செய்தி வரும்’ என்று முப்பது தடவை போட்டு நிரப்பிவைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எனக்கு அது ஆகாது. அப்படி நிரப்பினால் எல்லாப் பக்கமும் அழகாகத்தான் தெரியும். நிஜ மனிதர்கள் கோபம் வந்தால் நீளமாக எழுதுவார்கள், அவசரத்தில் புள்ளி வைக்க மறப்பார்கள், அழுகை வந்தால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதையெல்லாம் தாங்கி நிற்பதுதான் வடிவமைப்பு. ஆகவே நிஜ மனிதர் எழுதிய நிஜ வாசகம்தான் எனக்கு வேண்டும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கும் இதையே சொல்வேன்.

லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனம் என்னிடம் வந்தது. அவர்களுடைய பழைய இணையதளத்தில் நட்ட நடுவே ஒரு போன் நம்பர், கல்யாண வீட்டு சீரியல் விளக்குபோல மினுக்கிக்கொண்டிருந்தது. பத்து இலக்கம் ஒரு பக்கத்தின் மூச்சையே அடைத்துவிடும். எடுத்துவிடலாம் என்றேன். மேலாளர் தலையைச் சொறிந்தார். “எடுத்துட்டா ஜனங்க எப்படி தம்பி நம்மளைப் பிடிப்பாங்க?” என்றார். படிவம் வைக்கிறேன், நான்கே கட்டம், பெயர், மெயில், கட்டடம், என்ன பிரச்சினை, அவ்வளவுதான் என்றேன். வரும் புகார்கள் தினமும் காலையில் நேராக அவர் மெயிலுக்குப் போகும். “போன் எடுத்து எடுத்து நம்ம ரிசப்ஷன் பொண்ணுக்குக் காதே தேஞ்சுபோச்சு. அவளாவது நிம்மதியா இருக்கட்டும்” என்று ஒத்துக்கொண்டார்.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினால் வெள்ளைத் திரையில் ஒரு பச்சை டிக் மெல்லத் தன்னைத்தானே வரைந்துகொள்ளும். கீழே ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று வரும். நானே பலமுறை அழுத்திப் பார்த்து ரசித்திருக்கிறேன். ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் செய்துகொடுத்தேன். செல்போனைக் காட்டினால் படிவம் திறக்கும். பழைய போன் நம்பர் அச்சிட்ட தகட்டை அளந்து, அதைச் சரியாக மூடும் அளவில் ஸ்டிக்கரை வெட்டச் சொன்னேன். ஒரே இடத்தில் இரண்டு விலாசம் இருந்தால் ஜனங்கள் குழம்புவார்கள்.

புதுப் படிவத்தை முதலில் சோதனை நிலையில்தான் வைப்போம். அந்த நிலையில் எந்தச் செய்தி வந்தாலும் வாடிக்கையாளருக்குப் போகாது, வடிவமைத்தவனின் தனிப்பெட்டிக்கு வரும். எல்லாம் சரியாக இருக்கிறதென்று பார்த்துவிட்டு, தளத்தைத் திறக்கும் நாளில் அதை அணைத்துவிட வேண்டும். ஒரே ஒரு சொடுக்குதான். அன்று மேலாளர் எல்லோருக்கும் டீ சொல்லியிருந்தார். பேச்சு சுவாரசியத்தில் நான் அதை அணைக்க மறந்துவிட்டேன். எங்கள் தொழிலில் யாருக்கும் நேரக்கூடிய மறதி இது. இதற்காக என்மேல் வழக்குப் போட முடியாது என்று நினைக்கிறேன்.

பதினைந்து நாள் கழித்து மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மொத்த அலுவலகமும் கூடியிருந்தது.

“மாசம் அறுபது எழுபது புகார் வரும் தம்பி. இந்தப் பதினஞ்சு நாள்ல ஒண்ணுகூட இல்ல. என்ன மந்திரம் போட்டீங்க?”

“அவர் கட்டின பக்கத்தைப் பார்த்துட்டு லிஃப்டே பயந்துபோய் ஒழுங்கா ஓடுது சார்” என்றார் மூத்த மெக்கானிக்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். எனக்காக ஒரு அறை முழுக்கக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. ரிசப்ஷன் பெண் எழுந்து நின்றே தட்டினாள்.

வீட்டுக்கு வந்து தனிப்பெட்டியைத் திறந்தேன். முப்பத்தெட்டுச் செய்திகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

சொடுக்கவேண்டிய இடத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முப்பத்தெட்டும் ஒரே காலையில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கை தட்டிய அதே அறையில் நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியிருக்கும். முதலில் நானே பதில் எழுதிச் சமாளிக்கலாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலாளருக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். நியாயமான யோசனைதான். முக்கால்வாசிப் புகார்கள் சில்லறை விஷயங்கள். மின்விசிறி சத்தம் போடுகிறது, கண்ணாடியில் கீறல், மூன்றாம் மாடி பொத்தானில் விளக்கு எரியவில்லை. ‘உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியமானது’ என்று பதில் போனால் பாதிப் பேர் அடங்கிவிடுகிறார்கள். மீதிப் பேர் பழகிவிடுகிறார்கள்.

அந்தச் சமயம் நான் அடுத்த வேலையில் இருந்தேன். நிறுவனமும் புகார் கொடுத்தவரும் மாறி மாறி எழுதிக்கொள்ளும் உரையாடல் பக்கம். வருடாந்தர வடிவமைப்புக் கண்காட்சிக்கு அதைத்தான் அனுப்புவதாக இருந்தேன். நிஜ வாசகம் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. இதோ, பெட்டி நிறைய இருந்தது.

ஏழாம் மாடி அம்மாவின் முதல் கடிதம் அப்போது வந்தது. பெயர் எழுதியிருந்தார், நான்தான் அவரை மனதுக்குள் அப்படிக் கூப்பிட்டேன். கடிதத்தை நான் மனப்பாடமாகவே சொல்ல முடியும்.

‘வணக்கம். எங்கள் ஏழாம் மாடியில் லிஃப்ட் வந்து நிற்பதற்கு முன்பே கதவு திறந்துகொள்கிறது. எப்போதும் இல்லை, பத்துத் தடவைக்கு ஒரு தடவை. எட்டிப் பார்த்தால் கம்பிவடம் மட்டும் தொங்குகிறது. எனக்குக் கண் தெரியும், நின்றுவிடுகிறேன். என் கணவருக்குத் தெரியாது. தயவுசெய்து ஆள் அனுப்புங்கள்.’

தேவையில்லாத ஒரு சொல் இல்லை. செல்போன் திரையில் மேலும் கீழும் தள்ளாமல் முழுதாகப் படிக்க முடிந்தது. இப்படி எழுத எத்தனை பேருக்கு வரும்? ‘உங்கள் புகார் முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது’ என்று பதில் அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது கடிதம்.

‘நான் முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்காமல் நாங்கள் இணைப்புக் கொடுத்ததில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு பச்சை டிக் வருகிறது. அது ஆளா?’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள்தான் என்று எழுதக் கை பரபரத்தது. ஆனால் நிறுவனத்தின் குரல் என்று ஒன்று இருக்கிறது, அதை நடுவில் மாற்றக்கூடாது. ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று அனுப்பினேன்.

அதற்குப்பின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எழுதினார். காலையில் கணினியைப் போட்டதும் முதலில் அவருடையது வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். லிஃப்ட் வேண்டாமென்று இருவரும் படி இறங்கத் தொடங்கியிருந்தார்கள். ‘நூற்று இருபத்தாறு படி. அவர் எண்ணிக்கொண்டே இறங்குகிறார். தொண்ணூறைத் தாண்டியதும் என்மேல் எரிந்துவிழுகிறார், ஏதோ நான்தான் படி கட்டியதுபோல.’ ‘நூற்று இருபத்தாறு படி’ என்பதைக் கண்காட்சிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் தலைப்பாகப் போட்டுப் பார்த்தேன். பிரமாதமாக நின்றது. இன்னொன்றில், ‘ஸ்டிக்கருக்கு அடியில் பழைய போன் நம்பர் இருக்கிறதென்று எங்கள் காவலாளி சொல்கிறார். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை’ என்று எழுதியிருந்தார். அந்த அச்சகக்காரரை யாருக்கு வேண்டுமானாலும் சிபாரிசு செய்வேன். நல்ல பசை.

ஒருநாள் அக்கா எனக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தாள்.

“யாருடா இந்தம்மா? நல்லா எழுதுறாங்களே.”

“யாருமில்லக்கா. இடத்தை நிரப்புறதுக்கு நானே எழுதினது.”

“நீயா? பால் வாங்கிட்டு வாடான்னு மெசேஜ் போட்டா ‘ம்’னு ஒத்தை எழுத்துல பதில் போடுறவன் நீ. உனக்குள்ள இப்படி ஒரு பொம்பளையா?” என்று சிரித்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கடைசிக் கடிதம் வரைக்கும் படித்தாள். “சரி, அப்புறம் அந்த லிஃப்டை ரிப்பேர் பண்ணாங்களா இல்லையா?”

“இன்னும் முடிவு பண்ணலக்கா.”

“சீக்கிரம் பண்ணு. பாவம், கண்ணு தெரியாத மனுஷனைப் போட்டுப் படி ஏற வெச்சுக்கிட்டு.”

மேலாளரின் அலுவலகத்தில் இதற்குள் இன்னொரு மாற்றம். புகாரே வராததால் மாதம் ஒருமுறை நடந்த சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிவிட்டார்கள். மெக்கானிக்குகளில் இரண்டு பேரை வேறு கிளைக்கு அனுப்பினார்கள். அது நிர்வாகத்தின் முடிவு, என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கண்காட்சிக்கு அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. என் பக்கத்தில் ஒரு குறை இருந்தது. எல்லாக் கடிதங்களும் கவலை, கோபம், காத்திருப்பு. ஒரு நல்ல செய்தி போனால் உரையாடல் எப்படித் தெரியும், அதற்கு வரும் பதில் எந்த நீளத்தில் இருக்கும் என்று பார்க்க வழியில்லை. இதற்கு அருமையான ஒரு கருவி இருக்கிறது. ஒரே செய்தியை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தால், அதுவே குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றொன்றும் அனுப்பும். யார் உடனே திறந்தார்கள், யார் பதில் எழுதினார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டும். எந்தத் தொழில் செய்பவருக்கும் பயன்படும்.

முதல் செய்தி, நீல நிறத்தில்: ‘உங்கள் லிஃப்டின் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை.’ இரண்டாவது, பச்சையில்: ‘உங்கள் லிஃப்டின் பரிசோதனை முடிந்தது. இனி அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.’ அப்போது முடிவடையாத புகார்கள் இருபத்துநான்கு. பன்னிரண்டு பேருக்கு அது, பன்னிரண்டு பேருக்கு இது. குலுக்கலில் யாருக்கும் பாரபட்சம் கிடையாது. புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவைத்தேன். ஜனங்கள் மெயிலைத் திறந்துபார்க்க அதுதான் ராசியான நேரம்.

பச்சைச் செய்தி கிடைத்தவர்களில் ஒன்பது பேர் அன்றே பதில் எழுதினார்கள். நீலத்தில் இரண்டே பேர். நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய வித்தியாசம். ஏழாம் மாடி அம்மாவின் பதில் மறுநாள், வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்கு வந்தது. நான்கு பதினொன்றுக்குப் படித்தேன்.

‘மிக்க நன்றி. ஆள் வந்துபோனதை நான் பார்க்கவில்லை, மருந்து வாங்கப் போயிருந்த நேரமாக இருக்கும். அவரிடம் சொன்னேன். இத்தனை நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியதில் அவருக்கு ஒரே கூச்சம். இன்று ஐந்து மணிக்குத் தனியாகவே கீழே போய் நடந்துவிட்டு வருவாராம். இப்போதே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஆளோ எந்திரமோ, நன்றாக இருங்கள்.’

நான் தேடிக்கொண்டிருந்த கடைசிப் பத்தி அதுதான். அளவெடுத்துத் தைத்ததுபோல வந்து உட்கார்ந்தது. ஆனால் இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் உடைந்த இடம் கண்ணை உறுத்தியது. எழுத்துருவை ஒரு புள்ளி குறைத்தேன், வரி இடைவெளியைக் கூட்டினேன், திரும்பக் குறைத்தேன். அந்த வேலை முடிந்து தலை நிமிர்ந்தபோது மணி ஐந்தரை. மேலாளரின் நம்பர் என் செல்போனில் இருந்தது. அந்த அம்மா ஒரு கடிதத்தின் அடியில் தன் நம்பரையும் எழுதியிருந்தார். செல்போன் மேசைமேல்தான் கிடந்தது, சார்ஜ் எண்பது சதவீதம் இருந்தது. இதையெல்லாம் நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

கண்காட்சியில் என் பக்கத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ‘மனிதக் குரலை இவ்வளவு உண்மையாகக் கேட்கவைத்த வடிவமைப்பு’ என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள்.

நானாக நேரில் வந்தேன் என்று தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதைக் கொஞ்சம் திருத்தவேண்டும். இன்று காலை அக்கா செய்தித்தாளைக் கொண்டுவந்து என் விசைப்பலகைமேல் விரித்தாள். கட்டடத்தின் படம், ஏழாம் மாடியில் மூடாத கதவு, பக்கத்தில், சில வாரம் கழித்து முதல்முறையாக வாய் திறந்த அந்த அம்மாவின் பேட்டி.

“பேப்பர்ல நூத்தி இருபத்தாறு படின்னு போட்டிருக்கான். உன் கதைல எத்தனை படி?”

நான் செய்தித்தாளை மடிக்கப் பார்த்தேன்.

“டெலிபோன் எக்ஸ்சேஞ்சுன்னு போட்டிருக்கான். நீ எழுதின அம்மா எங்க வேலை பார்த்தாங்க?”

“அக்கா, அது வந்து, சோதனை நிலையில இருந்ததால...”

“செருப்பை மாட்டு” என்றாள். வழி முழுக்க எனக்கு முன்னால் நடந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தால் நல்லது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

இன்னொரு இடத்தையும் திருத்திவிடுகிறேன், அடித்தல் திருத்தம் இல்லாமல் தாள் சுத்தமாக இருக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். குலுக்கலில் பாரபட்சம் இல்லை என்று சொன்னது பொதுவாக உண்மை. ஆனால் புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஏழாம் மாடி அம்மாவுக்கு நீலம் விழுந்திருந்தது. ‘பரிசோதனை இன்னும் நடக்கவில்லை’ என்பது. அதற்கு அவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும், அதுபோல ஆறு கடிதம் ஏற்கெனவே இருந்தது. அவர் சந்தோஷப்பட்டால் எப்படி எழுதுவார் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவர் பெயரை மட்டும் பிடித்து இழுத்துப் பச்சைப் பட்டியலில் போட்டேன். எண்ணிக்கை சமமாக இருக்கவேண்டும் என்று, கண்ணாடியில் கீறல் விழுந்ததாக எழுதியிருந்த ஒருவரை நீலத்துக்கு மாற்றினேன். லிஃப்டை யாரும் தொடக்கூட இல்லை என்பதும், அவர் கணவருக்குக் கண் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மீதியிருப்பது ஒரு சின்ன விஷயம். சனிக்கிழமை அவரிடமிருந்து கடைசியாக ஒன்று வந்தது. ‘லிஃப்ட் பற்றி எழுதியிருந்தேன். இனி ஆள் அனுப்ப வேண்டாம்.’ அவ்வளவுதான். அதற்கு நான் பதில் எழுதவில்லை. புகாரை முடித்துக்கொள்பவர்களுக்கெல்லாம் போகும் கேள்வி அவருக்கும் தானாகவே போயிற்று. ‘உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?’ கீழே இரண்டு பொத்தான்கள், ஆம், இல்லை.

அவர் ‘ஆம்’ என்பதை அழுத்தியிருக்கிறார். பதிவு இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. ‘இல்லை’ என்ற பொத்தானும் பக்கத்திலேயே, அதே அளவில், அதே நிறத்தில்தான் இருந்தது.